வாயைத் திறந்து காட்டுங்கள்!

பித்தப்பையில் கல் என்று எங்கள் பெரியப்பாவை நாகர்கோவிலில் ஒரு வைத்தியசாலையில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலையில் ரண சிகிச்சை. முதல் நாள் மாலை ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். மயக்க மருந்து கொடுக்கப் போகிறவர் தாமே என்று சொல்லி, நாடியைப் பார்த்தார். மார்பில் குழல் வைத்துக் கேட்டார். இவையெல்லாம் நாங்கள் எதிர்பார்த்தவையே. பிறகு அவர், "ஐயா, நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை முடிந்த மட்டும் திறந்து, நாக்கை நீட்டுங்கள்" என்றார்.

பெரியப்பாவுக்கு எழுபது வயது. தோவாளைப் பக்கத்தில் வயலும் தென்னந்தோப்புமாக வாழ்ந்தவர். பரிகாசம் கலவாமல் பேச அவருக்கு வராது. "மக்களே, கல் கிடப்பது வயிற்றிலே அல்லவா? நீங்கள் வாயிலே தேடுகிறீர்களே!" என்றார். டாக்டர் சிரித்தார், ஆனால் விடவில்லை. பெரியப்பா வாயைத் திறந்தார். திறந்தார் என்பதைவிடத் திறக்க முயன்றார் என்பதே பொருந்தும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் அந்த வாய் திறக்கவில்லை.

"வெற்றிலை பாக்குப் போடுவதுண்டா?"

"எப்போதாவது, கல்யாண வீட்டிலே..." என்று இழுத்தார் பெரியப்பா.

அதுவரை மூலையில் மௌனமாக இருந்த பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எப்போதாவதா? கண் விழித்ததும் தேடுவது வெற்றிலைச் செல்லத்தைத்தானே? நாற்பது வருஷமாகக் கோளாம்பி கழுவுகிறவள் நான் அல்லவா?" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். மோவாயின் கீழே விரல் வைத்து அளந்தார். பிறகு தம்முடைய மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் எமக்கே, வயிற்றுக் கல்லுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது விளங்கவில்லை. அன்றிரவு அந்த டாக்டர் பொறுமையுடன் விளக்கியதையும், பின்னர் நாம் நூல்களில் தேடி அறிந்ததையும் நேயர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதலானோம். ஏனெனில், அந்தப் பெரியம்மா அன்று வாய் திறந்திராவிட்டால், மறுநாள் எங்கள் குடும்பத்தில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் உள்ளம் நடுங்குகிறது.

ஒரு வாயில், இரண்டு வழி

மூக்கு வழியாக வரும் காற்றும், வாய் வழியாக வரும் உணவும் தொண்டையில் ஒன்று கூடுகின்றன. அங்கிருந்து இரண்டு குழல்கள் கீழே இறங்குகின்றன. முன்புறம் இருப்பது மூச்சுக்குழல். அதன் பின்னே இருப்பது உணவுக்குழல். மூச்சுக்குழலின் தலைவாயிலில் குரல்வளை இருக்கிறது. ஆண்களுக்குக் கழுத்தில் புடைத்துத் தோன்றும் குருத்தெலும்பு அதன் முன்சுவர். குரல்வளைக்குள்ளே இரண்டு குரல் நாண்கள். மேலே இலை போன்ற ஒரு மூடி. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி, நாண்கள் ஒன்று சேர, மூடியும் கவிகிறது. உணவு பின்வழியே சென்றுவிடுகிறது. இந்தக் காவலில் ஒரு கணம் பிசகு நேர்ந்தால் புரை ஏறுகிறது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. அந்த இருமல்தான் நம் உயிரைக் காக்கும் காவற்காரன்.

மயக்க மருந்து கொடுத்தவுடன் இந்தக் காவற்காரனும் உறங்கிவிடுகிறான். தசைகள் தளர்கின்றன. மல்லாந்து கிடப்பவரின் நாக்கும் தொண்டைச் சதையும் பின்னே சரிந்து மூச்சின் வழியை அடைக்கின்றன. சில ரண சிகிச்சைகளுக்காகத் தசைகளை முற்றிலும் தளர்த்தும் மருந்தையும் கொடுக்கிறார்கள். அப்போது சுவாசம் அடியோடு நின்றுவிடும். அந்தக் கணம் முதல் நோயாளியின் மூச்சு, மயக்க மருந்து டாக்டரின் கையில் இருக்கிறது. அவர் குரல் நாண்களுக்கு இடையே ஒரு குழலைச் செலுத்தி, அதன் வழியே பிராணவாயுவை ஊட்ட வேண்டும்.

இதற்கு அவருக்கு எவ்வளவு அவகாசம்? வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு நின்றால், இரத்தத்தில் உள்ள பிராணவாயு ஓரிரு நிமிஷங்களிலேயே அபாய நிலைக்குக் குறைந்துவிடும். ஆகையினால்தான் மயக்குவதற்கு முன் முகமூடி வைத்துச் சில நிமிஷம் பிராணவாயுவை நிறையச் சுவாசிக்கச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஆரோக்கியமான ஒருவருக்கு ஏழெட்டு நிமிஷம் வரை தாக்குப்பிடிக்கலாம். பருத்த சரீரமுடையவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்த அவகாசமும் கிடையாது. அதற்குள் வழி கிடைக்காவிட்டால், முதலில் மூளையும் பின்னர் இதயமும் கெடும்.

விரலால் அளக்கும் சாஸ்திரம்

குழலைச் செலுத்துவதற்கு, வளைந்த தகடு ஒன்றில் விளக்குப் பொருத்திய ஒரு கருவியை உபயோகிக்கிறார்கள். ஆக்ஸ்போர்டில் இருந்த மாக்கின்டாஷ் என்னும் பேராசிரியர் 1943-ல் அமைத்த வடிவமே இன்றும் உலகெங்கும் பெருவழக்கில் உள்ளது. அத்தகட்டை வாயில் நுழைத்து, நாக்கை ஒதுக்கி, கீழ்த்தாடையைத் தூக்கினால், ஆழத்தில் குரல் நாண்கள் வெண்மையாகத் தெரியும். வாயிலிருந்து குரல்வளைக்குச் செல்லும் வழி நேரானதன்று. கழுத்தைச் சற்று முன்னே தாழ்த்தித் தலையைப் பின்னே அண்ணாத்தினால்தான் பார்வை அங்கே எட்டும்.

இதை மனத்திற்கொண்டு பார்த்தால், டாக்டர் செய்த சோதனைகளின் காரணம் நன்கு விளங்கும். வாய் மூன்று விரல் அகலம் திறக்க வேண்டும். திறவாவிட்டால் தகடு நுழையாது. மோவாயிலிருந்து குரல்வளை எலும்பின் மேல் நுனிவரை ஏறக்குறைய மூன்று விரல் தூரம் இருக்க வேண்டும். குறைந்தால் நாக்கை ஒதுக்கித் தள்ள இடம் இராது. கழுத்து அண்ணாந்து வளைய வேண்டும். வாதத்தால் இறுகிப்போன கழுத்தில் பார்வை நேர்ப்படாது. கீழ்ப்பற்களால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா என்று பார்ப்பது, தாடை முன்னே நகருமா என்று அறிவதற்காக. ஆடும் பல், எடுப்புப் பல், முன்னே துருத்திய பல், அடர்ந்த தாடி, பருத்த கழுத்து, தொண்டைக் கழலை, தீக்காயத் தழும்பு, உரத்த குறட்டை ஆகிய ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு செய்தி சொல்கிறது.

நாக்கை நீட்டச் சொன்ன சோதனையின் வரலாறு நமக்குப் பெருமை தருவதாகும். குண்டூர் வைத்தியக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியசாலையில் பணியாற்றிய டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி என்ற ஆந்திர நாட்டவரே அதை வகுத்தவர். வாய்க்கு நாக்கு அளவுமீறிப் பெரிதாயிருந்தால், அது அண்ணத்தின் பின்புறத்தையும் உள்நாக்கையும் மறைத்துவிடும். அப்படி மறைத்தால் குரல்வளையும் எளிதில் தெரியாது என்று அவர் ஊகித்து, 1983-ல் ஒரு கடிதமாக வெளியிட்டார். பின்னர் 210 நோயாளிகளைச் சோதித்து, 1985-ல் கனடா தேசத்து மயக்க மருந்து வைத்தியர்களின் பத்திரிகையில் அதை விரித்து எழுதினார். உள்நாக்கும் அதன் இருபுறத்துத் தூண்களும் முழுதும் தெரிந்தால் முதல் வகுப்பு. தெரிவது குறையக் குறைய அடுத்த வகுப்புகள். அவர் வகுத்தவை மூன்று. அண்ணத்தின் முன்பகுதியைத் தவிர வேறொன்றும் தெரியாத நான்காம் வகுப்பைப் பிறர் 1987-ல் சேர்த்தனர். இதற்கு இயந்திரம் வேண்டாம்; பணம் வேண்டாம்; வெளிச்சமும் கூர்ந்த பார்வையும் போதும். இன்று உலகத்தின் எந்த மூலையில் ரண சிகிச்சை நடந்தாலும், நோயாளியின் குறிப்பேட்டில் இந்தத் தெலுங்குப் பெயரை எழுதி, அருகில் ஓர் எண்ணைக் குறிக்கிறார்கள்.

நெய்யூர் டாக்டரின் தொண்டை

மூச்சின் வழி அடைபடுவது எத்தகையது என்பதைத் தம் சரீரத்திலேயே அறிந்த ஒரு வைத்தியர் நம் ஜில்லாவில் வாழ்ந்தார். இரணியலுக்கு அருகில் உள்ள நெய்யூரில், 1838-ல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் ஹோவர்டு சாமர்வெல் அவர். 1922-ல் எவரெஸ்டு ஏறச் சென்ற கூட்டத்தில் இருந்தவர். அந்தப் பயணத்துக்குப் பின் தென்னாட்டுக்கு வந்து, நெய்யூர் நோயாளிகளின் கூட்டத்தையும் வைத்தியர்களின் குறைவையும் கண்டு, லண்டனில் காத்திருந்த பெரும் வாழ்வை விட்டு இங்கேயே தங்கினார். அப்போது நெய்யூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது.

1924-ல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். ஜூன் 4-ஆம் தேதி, நார்ட்டன் என்பவருடன் சேமிப்புப் பிராணவாயு இன்றியே 28,000 அடி உயரம் வரை ஏறினார். அதற்கு மேல் தொண்டை இடங்கொடுக்கவில்லை. அவர் அங்கேயே தங்க, நார்ட்டன் தனியே 28,126 அடிவரை சென்று திரும்பினார். இறங்கும் வழியில் இருமல் வந்தபோது, ஏதோ ஒன்று பெயர்ந்து சாமர்வெல்லின் தொண்டையை அடைத்துக்கொண்டது. மூச்சை உள்ளே இழுக்கவும் முடியவில்லை. வெளியே விடவும் முடியவில்லை. முன்னே சென்ற நண்பரைக் கூவி அழைக்கவும் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்து மரணத்தை எதிர்நோக்கினார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் தம் மார்பைப் பலங்கொண்ட மட்டும் அழுத்தினார். அடைத்திருந்தது இரத்தத்துடன் வெளியே வந்தது. கடுங்குளிரில் கருகி உரிந்த தம் குரல்வளையின் உட்சவ்வுதான் அது என்று பின்னர் அவர் கண்டறிந்தார்.

அவர் திரும்பி வந்து பல்லாண்டு கத்தி பிடித்த நெய்யூரில், வாயிலும் நாக்கிலும் கன்னத்திலும் புற்று வைத்த நோயாளிகள் திரள் திரளாக வந்தார்கள். அங்கே பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஆர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு உண்டாகும் வாய்ப்புற்று நோயைப் பற்றி 1933-ல் லண்டன் "லான்செட்" பத்திரிகையில் எழுதினார். மேனாட்டு வைத்திய உலகம் நம் ஊரின் பெயரைக் கேள்விப்பட்டது இவ்வாறு என்பது வருந்தத் தக்கதே. எனினும் உண்மையை மறைப்பதில் பயனில்லை.

மூச்சுக்குழலில் வாய் வழியே குழல் செலுத்தி மயக்க மருந்து கொடுக்கும் முறை பிறந்ததும் இத்தகைய ஒரு நோயாளியினால்தான். 1878-ல் கிளாஸ்கோ நகரத்தில் மக்கூவன் என்ற ரண வைத்தியர், நாக்கின் அடியில் புற்று வைத்த ஒருவருக்கு, கழுத்தைக் கீறாமல், அவர் விழித்திருக்கும்போதே விரலால் வழிகாட்டி வாய் வழியாகக் குழலை இறக்கி, அதன் மூலம் குளோரோபாரம் கொடுத்தார்.

பாக்கு செய்யும் கேடு

புற்று என்பது எல்லோருக்கும் வருவதன்று. ஆனால் பாக்கு மற்றொரு கேட்டையும் விளைவிக்கிறது. அதுதான் பெரியப்பாவுக்கு நேர்ந்தது. பாக்கில் உள்ள ஒருவகைச் சத்து, கன்னத்தின் உட்சவ்வுக்குக் கீழே நார்த்தசையை மேன்மேலும் வளரச் செய்கிறது; வளர்ந்த நார் கரையாதபடியும் தடுக்கிறது. முதலில் மிளகாய் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னம் வெளுத்து விறைக்கும். நாளடைவில் உள்ளே நார்க்கயிறு கட்டினாற்போல் வாய் சுருங்கிப்போகும். 1952-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடமும், அடுத்த ஆண்டு பம்பாயிலும் இந்த நோயை வைத்தியர்கள் விவரித்து எழுதினர். பழக்கத்தை நிறுத்தினால் மேலும் கெடுவது குறையும். இறுகிப்போன நார் தானாக இளகி வாய் பழையபடி ஆவதில்லை. இதிலிருந்து புற்று கிளம்பவும் கூடும். 2004-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேராத பாக்கையே புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்து வெளியிட்டது.

இந்த நோய் மெல்ல வருவதால் நோயாளிக்கே தெரிவதில்லை. பெரியப்பா சோற்றுருண்டையைச் சிறிதாக உருட்டக் கற்றுக்கொண்டார். வாழைப்பழத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்றார். வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டார். வெற்றிலைத் தட்டம் நம் நாட்டில் உபசாரத்தின் அடையாளம். தாம்பூலம் மாற்றாமல் கல்யாணம் நிச்சயமாவதில்லை. அந்த மரியாதையை நாம் குறை கூறவில்லை. தட்டத்தில் இருக்கும் வரையில் அது மரியாதை. கன்னத்தில் அடக்கி அடக்கி வைக்கும்போதே கேடாகிறது. செல்லத்துக்குப் பதிலாகப் பொட்டலப் பாக்கைத் தேடும் இளைஞர்களுக்கு இந்த நோய் இன்னும் விரைவில் வருகிறது. தமிழ்நாட்டில் குட்காவும் பான்மசாலாவும் 2013-ல் தடை செய்யப்பட்டதை நேயர்கள் அறிவார்கள்.

சோதனைக்கும் தப்பும் தொண்டைகள்

இவ்வளவு அளந்து பார்த்தபின் அபாயம் நீங்கிவிட்டது என்று சொல்லலாமா? கூடாது. டென்மார்க்கு தேசத்தில் 1,88,064 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்களில் குழல் செலுத்துவது கடினமாயிருந்தவர்கள் 3,391 பேர். இந்த 3,391 பேரில் 3,154 பேருக்கு அந்தக் கடினத்தை எவரும் முன்கூட்டி எதிர்பார்க்கவில்லை. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! கடினமாயிருக்கும் என்று எதிர்பார்த்த 929 பேரிலோ, உண்மையில் கடினமானது 229 பேருக்குத்தான்.

அப்படியானால் சோதித்துத்தான் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். வானம் தெளிவாயிருக்கிறதென்று வலைகாரர் துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போவதில்லை. எந்த நோயாளியிடமும் வழி கிடைக்காமற் போகலாம் என்று எண்ணி, ஒன்று தவறினால் மற்றொன்று என்று வழிகளை ஆயத்தமாக வைத்துக்கொள்வதே இந்தச் சாஸ்திரத்தின் உயிர்நிலை. தகட்டினால் முடியாவிட்டால், டாக்டர் ஆர்ச்சி பிரெயின் என்ற ஆங்கிலேயர் 1981-ல் உருவாக்கிய சிறு முகமூடியைத் தொண்டைக்குள் இறக்கிக் குரல்வளையின்மேல் பொருத்தலாம். அதுவும் தவறி, முகமூடியினாலும் காற்று ஊட்ட முடியாவிட்டால், குரல்வளை எலும்புக்குக் கீழே உள்ள மெல்லிய சவ்வைக் கீறி, கழுத்து வழியே மூச்சு ஊட்ட வேண்டும். இந்தப் படிகளை நம் நாட்டு வைத்தியசாலைகளுக்கு ஏற்றவாறு வகுத்து, அகில இந்தியக் கடின சுவாசப்பாதைச் சங்கத்தார் 2016-ல் நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறார்கள். சோதனை எல்லாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் பெரியப்பாவைப்போல் வெளிப்படையாகத் தெரியக்கூடியவரையும் கவனியாமல் விட்டால் அது மன்னிக்கத் தக்கதன்று.

மறுநாள் காலை

பெரியப்பாவை முதலில் மயக்கிவிட்டுப் பிறகு வழி தேடவில்லை. விழித்திருக்கும்போதே மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, நுனியில் கண் உடைய, வளையக்கூடிய மெல்லிய கருவியை மூக்கு வழியே செலுத்தி, குரல் நாண்களைக் கண்ணால் பார்த்து, அதன்மேல் குழலை இறக்கினார்கள். குழல் இருக்குமிடத்தில் இருக்கிறதென்று உறுதியான பின்னரே மயக்க மருந்து. இந்த முறையை முதன்முதலில், 1967-ல், கையாண்ட டாக்டர் மர்பி என்பவர், அதற்கு எடுத்துக்கொண்ட கருவி பித்தநாளத்தைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது என்று படித்தபோது எமக்குப் பெரியப்பாவின் பரிகாசம் ஞாபகத்துக்கு வந்தது. வயிற்றுக்கும் வாய்க்கும் அவர் நினைத்ததைவிடச் சம்பந்தம் அதிகந்தான்!

மூன்றாம் நாள் அவர் வீடு திரும்பினார். புறப்படும்போது டாக்டர் ஒரு சீட்டைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். "இவருக்கு வாய் திறப்பது குறைவு; குழல் செலுத்துவது கடினம்; இன்ன முறையில் செலுத்தினோம்" என்று அதில் எழுதியிருந்தது. "எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை முதலில் காட்டுங்கள் அம்மா" என்றார். பெரியம்மா அதை வயல் பத்திரங்களோடு பெட்டியில் வைத்திருக்கிறாள்.

நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ரண சிகிச்சை என்றால், மயக்க மருந்து டாக்டர் கேட்பதை வீண் விசாரணை என்று எண்ணாதீர்கள். பாக்கு, புகையிலை, மதுப் பழக்கங்களை மானத்துக்கு அஞ்சி மறைக்க வேண்டாம். ஆடும் பல்லையும் எடுப்புப் பல்லையும் சொல்லுங்கள். குறட்டையையும் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதையும் அருகில் படுப்பவர்தாம் அறிவார். ஆகவே அவரே சொல்ல வேண்டும். முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது ஏதேனும் சங்கடம் நேர்ந்திருந்தால் அதைக் கட்டாயம் கூறுங்கள். சாப்பிடாமல் இருக்கச் சொன்ன நேரத்தில் "ஒரு வாய் காப்பிதானே" என்று இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கினால் அந்த ஒரு வாயே யமனாகும். அப்படிக் கொடுத்துவிட்டிருந்தால், திட்டுவார்களே என்று பயந்து மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போகும்; அவ்வளவுதான்.

அத்துடன், இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடிக்கு முன் நின்று, உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வாயில் நுழைகிறதா என்று பாருங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவரையும் பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால், ரண சிகிச்சை வரும் நாள் வரை காத்திராமல் வைத்தியரிடம் வாயைக் காட்டுங்கள்.

பெரியப்பாவின் வெற்றிலைச் செல்லம் இப்போது பரண்மேல் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் அவர் தட்டத்தை நீட்டுகிறார், தாம் எடுப்பதில்லை. சென்ற வாரம் போயிருந்தபோது, பேரனை மடியில் உட்கார்த்தி, "எங்கே, வாயைத் திற, பார்க்கலாம்" என்று டாக்டரைப்போல் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினான். உள்நாக்குவரை நன்றாகத் தெரிந்தது.